சுவரில் விடுபட்ட உபயம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் இடது கைப்பக்கம் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அது நான் கட்டியது. அதைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். அதுவும் நான் கட்டியதுதான். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை முதலில் வாங்கியவன் நான். கல்வராயன் மலைமேல் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. சின்னசேலம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். யாரும் கை கொடுக்கவில்லை, யாரிடமும் போய் நின்றதும் இல்லை. கோயிலில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால் அதில் 'உபயம்' போட்டு என் பேரை எழுதச் சொல்லுவேன். எழுத்து பெரிதாகி வெளிச்சம் குறைந்துவிட்டது என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். கொடுத்தவன் பேர் தெரிய வேண்டாமா?

இவ்வளவு கட்டியும் எனக்கு ராத்திரியில் தூக்கம் கெடுவது இதில் எதனாலும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டம் பூராவும் சாலை மறியல் நடந்த சமயத்தில், ஒரு காலை வேளையில் நடந்த ஒரு விஷயத்தினால்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஜீப். ஏலத்தில் எடுத்தது. வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு கீழே வருவேன், உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு மேலே போவேன். அந்த முறை மேலே போய் மாட்டிக்கொண்டேன். கீழே சாலைக்குச் சாலை மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. வெட்டியவர்கள் வேறு யாரும் இல்லை, எங்கள் ஜனம்தான். மார்க் இருந்தும் சீட்டு இல்லை, படித்தும் வேலை இல்லை என்று பிள்ளைகள் கொதித்துப் போயிருந்த நேரம். நியாயமான கோரிக்கை. மறியல் பந்தலுக்கு நானே அரிசி மூட்டை அனுப்பியிருந்தேன்.

எனக்குக் கிழங்கு விற்கிற மலைக்காரர் ஒருவர் விடிந்ததும் வந்து நின்றார். கூடவே அவர் மகள். வெளுத்த தாவணி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு துணிப்பை. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்த முதல் பெண் அவள்தான். ஆசிரியர் பயிற்சியில் சேர அன்று மதியத்துக்குள் கள்ளக்குறிச்சியில் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய இடம். அன்று போகாவிட்டால் அந்த இடம் போனது போனதுதான்.

"ரோடே இல்லையே, எப்பிடி போறது?" என்றேன்.

"அதான் மலைக்கு வர்ற அந்த இன்னொரு ஜீப்புக்காரரும் சொன்னாரு. அவராலயே முடியாதுன்னா உங்களால எப்பிடி முடியும். சும்மா கேட்டு வெச்சேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த இன்னொரு ஜீப்காரன் வண்டி ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியும். "ஏறுங்க" என்றேன்.

மலைப்பாதை இறங்கும்வரை ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் முதல் தடுப்பு. ஒரு வேப்பமரம் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் நாலைந்து பேர். மறியலிலும் சில வண்டிகளை விடுவார்கள். பால் வண்டி, பிண வண்டி, பிரசவத்துக்குப் போகிற வண்டி. நான் வேகத்தைக் குறைக்காமல் தலையை வெளியே நீட்டி, "பிரசவ கேசு, பிரசவ கேசு" என்று கத்தினேன். கிளையை இழுத்து ஓரம் வழி விட்டார்கள். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "தைரியமா போம்மா" என்று வேறு சொன்னான். இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனைதான் அது.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நா இன்னும் கல்யாணமே ஆவாதவ. இன்னாத்துக்கு அப்பிடி சொன்னீங்க?"

"போனமா இல்லையா? அத்த பாரு."

"எனக்குன்னு சட்டத்துல எழுதி இருக்குதுன்னு எங்க வாத்தியாரு சொன்னாரு. எழுதி இருக்கிறத வாங்கறதுக்கு எதுக்குப் பொய்? அடுத்த எடத்துல நா எறங்கி நானே பேசறேன்."

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். மகளைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ பேசினார்.

"வெள்ளக்காரன் போனது, கொடி மாறுனது, சட்டம் எழுதுனது எதுவும் எங்க மலைக்குத் தெரியாதுங்க. மலைய ஜாகீர்தாருங்க வெச்சிருந்தாங்க. வூட்டுக்கு ஒரு ஆளு அவங்க காட்டுல கூலி இல்லாம வேல செய்யணும். இவ பொறந்து ஓடியாடி திரியற வரைக்கும் நா போய்க்கினு இருந்தேன். அப்பால கவுருமெண்டு எடுத்துக்கிச்சு. இனிமே வெட்டி வேல கெடையாதுன்னு வந்து சொன்னாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டோம். சட்டத்துல முன்னயே இருக்குதுன்னாங்க."

"ஓட்டு போட்டிருக்கீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

நான் தினம் ஏறி இறங்குகிற மலை. என் ஜீப் ஏறுகிற உயரத்துக்கு அந்தச் சட்டம் ஏறிவர அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு இது தெரியாது. கிழங்கு விலை மட்டும் தெரியும்.

கச்சிராயபாளையம் வருவதற்கு முன்னால் பெரிய தடுப்பு. புளியமரம். இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாத அடிமரம், சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதன்மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பந்தல், அடுப்பு, பெண்கள் சமையல். தலைவராக இருந்தவர் எனக்குத் தூரத்து உறவு. என்னை மாமா என்று கூப்பிடுவார். பெரிய மீசை. சரி, காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டாள். "நா இண்டர்வியூக்குப் போறேன். எங்க மலைக்காரங்களுக்கு ஒதுக்குன சீட்டு. மதியத்துக்குள்ள போவலைன்னா கெடைக்காது. வழி வுடுங்க."

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாலிபன் குதித்து இறங்கினான். தோளில் கோடாலி. தலைமுடியெல்லாம் மரத்தூள். அந்த மரத்தை வெட்டியவன் அவன்தான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இன்னா தெகிரியம் பாரு. சீட்டு இல்லன்னுதான் நாங்க ரோட்ல குந்திக்கினு இருக்கோம். எங்ககிட்டயே வந்து எனக்கு சீட்டு இருக்குது, வழி வுடுன்றியா? நானும் பத்தாவது பாஸ். மார்க்கு உன்னவிட ஜாஸ்தியாவே இருக்கும்."

"இருக்கலாம் அண்ணா. அதுக்கு நா இன்னா செய்ய?"

"திரும்பிப் போ. அதான் செய்யணும்."

மீசைக்காரரிடம் போனேன். "இந்தப் பந்தல்ல வேவற சோறு யாரு குடுத்த அரிசி?"

"நீங்க குடுத்ததுதான் மாமா. துன்னாச்சு. அதுக்காக ரோடு உங்க பேருக்குப் பட்டாவா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "முடிவு பண்ணா எல்லாரும் சேந்துதான் பண்ணுவோம். நேத்து ராத்திரி முடிவு பண்ணாச்சு. பாலு, பொணம், பிரசவம். மத்தது எதுவும் கெடையாது. நீங்களே வந்தாலும் கெடையாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனாலும் நஷ்டம், நின்றாலும் நஷ்டம். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வயலில் இறக்கிப் போகலாமா என்று பார்த்தேன், நாற்று நட்ட சேறு. அந்தப் பெண் துணிப்பையை மார்போடு வைத்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் அப்படியே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்கள் ஆட்கள் இளகியிருப்பார்கள். அவள் நின்ற விதம்தான் அவர்களுக்கு எரிச்சல்.

அதுவரை ஜீப்பை விட்டு இறங்காத அவள் அப்பா அப்போது இறங்கி வந்தார். மீசைக்காரருக்குக் கும்பிடு போட்டார்.

"முடிவு பண்ணீங்களே, யார மொதல்ல கேட்டீங்க?"

"யார கேக்கறது? நா சொன்னேன், எல்லாரும் சரின்னாங்க."

"எங்க ஊர்ல அப்பிடி பண்ண மாட்டோங்க. ஊரோட கடைசி வூட்டுக்காரன மொதல்ல கேப்போம். அப்பறம் அடுத்த வூடு, அதுக்கடுத்த வூடு. எங்க ஊருக்குத் தலைவரு, ஊர்க்கவுண்டரு, எல்லாருக்கும் கடைசியாதான் வாயத் தொறக்கணும். பெரிய ஆளு மொதல்ல பேசிட்டா அப்பால பேசறவன் எவனும் தன் வாயால பேச மாட்டான். நீங்க அப்பிடி ஒரு தரம் கேட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா, நா எம்பொண்ண கூட்டிக்கினு போயிடறேன்."

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "இன்னா மாப்ளே, உங்க ஆளுங்க வாயத் தொறந்தா இன்னா சொல்லுவாங்களோன்னு பயமா?" என்றேன். அந்த இடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்காவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கேட்டாப் போச்சு" என்று மரத்தைவிட்டு இறங்கினார். "கடைசி ஆளு யாரு இங்க?"

யார் கடைசி என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. கடைசியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது பந்தலுக்குப் பின்னால். அங்கே ஓர் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லாதவர், கூலி வேலைக்குப் போகிறவர். முதல் நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாராம். யாரும் அவரிடம் உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

"என்னயா?" என்றார். கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "எம்புள்ளைக்கு ஒரு சீட்டு வரும்னுதான் நா இங்க குந்தி வெங்காயம் உரிக்கிறேன். இந்தப் பொண்ணு போவலைன்னா அந்த சீட்டு எம்புள்ளைக்கு வந்துடுமா?"

"அது எப்பிடி வரும்" என்றார் மீசைக்காரர்.

"அப்ப எதுக்கு அத்த நிறுத்தி வெச்சிக்கினு இருக்கீங்க? வுடுங்க, போவட்டும். நம்ம சண்ட சர்க்காரோட. இதோட இல்ல." சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் தண்ணீர் சுமக்கிறவர், அப்புறம் அடுப்பு பார்க்கிறவர், அப்புறம் மரத்தின்மேல் இருந்தவர்கள். விடலாம் என்றார் ஒருவர். கூடாது என்றார் இன்னொருவர். ஒரு வண்டிக்கு இளகினால் நாளைக்கு எல்லா வண்டியும் ஒரு கதை சொல்லும் என்றார், அதிலும் நியாயம் இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீக்கிரம் கேளுங்கள் என்று குறுக்கே பேசப் போனேன், அவள் அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கோடாலிக்காரன் முறை வந்தபோது, "போவட்டும். ஆனா நா மரத்த தூக்க மாட்டேன். வெட்டுன கையால நானே தூக்கறதுன்னா அசிங்கம்" என்றான்.

எல்லாருக்கும் பிறகு மீசைக்காரர். "எனக்குப் பிரியமில்ல" என்றார். "ஆனா கேட்டாச்சு. ஜாஸ்தி பேரு போவட்டும்னுட்டாங்க. கயிறு கொண்டாங்கடா."

வழி விடுகிறோம் என்று சொல்வது வேறு, அந்தப் புளியமரம் நகர்வது வேறு. என் ஜீப்பில் இருந்த இரும்புச் சங்கிலியை அடிமரத்தில் கட்டினேன். நான் முன்னால் இழுக்க, அவர்கள் பின்னாலிருந்து கடப்பாரை போட்டு நெம்பினார்கள். சக்கரம் வழுக்கிப் புகை வந்ததே தவிர மரம் அசையவில்லை. கோடாலிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பிடி இழுத்தா வருஷம் பூரா இழுக்கணும். கெள தரையில குத்திக்கினு இருக்குது பாரு" என்று தானே போய்க் கிளையை வெட்டிவிட்டான். அடுத்த இழுப்பில் மரம் உருண்டது. ஒரு ஜீப் நுழைகிற இடைவெளி. ஒரு பக்கச் சக்கரம் வாய்க்கால் விளிம்பில். வேறு யாராவது ஓட்டியிருந்தால் வண்டி வாய்க்காலில் கிடந்திருக்கும்.

நாங்கள் தாண்டியதும் மரத்தைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார்கள்.

இன்னும் தடுப்பு இருக்கிறது, அங்கே எங்களை நம்ப மாட்டார்கள் என்று மீசைக்காரர் கோடாலிக்காரனையே கூட ஏற்றி அனுப்பினார். கோடாலியைப் பந்தலில் போட்டுவிட்டு அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினான். அவன் குரல் கேட்டதும் அடுத்தடுத்த தடுப்புகளில் வழி கிடைத்தது. அந்தப் பெண்ணோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கள்ளக்குறிச்சி எல்லையில் போலீஸ் நின்றது. மரம் வெட்டியவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னார்கள். என்னையும் அவள் அப்பாவையும் பார்த்தார்கள், விட்டார்கள். கோடாலிக்காரனைக் கையை நீட்டச் சொன்னார்கள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். லுங்கியில் மரத்தூள்.

"எறங்குடா. யாரு நீ?"

அவன் இறங்கி என்னைப் பார்த்தான். உள்ளே போனால் வழக்கு, வழக்கு வந்தால் அவன் கேட்கிற வேலை எந்தக் காலத்திலும் கிடைக்காது. நான் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் சார். மலையில இருந்து என்ன இண்டர்வியூக்குக் கூட்டினு வர்றாரு. வழியில மரத்த நகத்தி வழி பண்ணது இவருதான்."

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மலைக்காரப் பெண்ணுக்கும் கீழ்நாட்டு வாலிபனுக்கும் முகச்சாடை பார்க்கத் தெரியாதவர் இல்லை அவர். வயதானவர். "தங்கச்சிய நேரத்துக்குக் கொண்டுபோய் வுடு" என்று லத்தியால் ஜீப்பைத் தட்டினார்.

காலையில் என் பொய்க்குச் சிடுசிடுத்தவள். வண்டி கிளம்பியதும் அதைக் கேட்டேன்: "இப்ப மட்டும் பொய் சொல்லலாமா?"

"அது பொய் இல்ல" என்றாள். கோடாலிக்காரன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுக்கு அந்த இடம் கிடைத்தது. பிறகு எங்கள் ஜனத்துக்கும் தனி ஒதுக்கீடு வந்தது. கோடாலிக்காரனுக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டது. அவன் தம்பி அதில் படித்து வேலைக்குப் போனான். வெங்காயம் உரித்த அந்த அம்மாவின் பிள்ளை என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன், ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். இப்போதும் நடுராத்திரியில் விழிப்பு வந்தால் முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

ஆலை விஷயமாகப் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் அரசியலமைப்புச் சட்டம் எப்படி வந்தது என்று சொன்னார். டெல்லியில் ஒரு மண்டபத்தில் தேசம் முழுக்க இருந்து வந்தவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விவாதித்து எழுதினார்களாம். மலைச் சனத்துக்கான பாதுகாப்பும் ஒதுக்கீடும் அப்போதே எழுதியது. அதற்கு முதல் திருத்தம் வந்ததற்கு, பிற்பட்டவர்களுக்கான இடம் பற்றி நம் சென்னை ராஜ்யத்தில் எழுந்த வழக்கும் ஒரு காரணமாம். "பெரிய பெரிய ஆளுங்க பேசி எழுதுனது" என்றார். அந்த மண்டபத்திலும் கடைசி வீட்டுக்காரனை முதலில் கேட்டார்களா என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார்.

அந்தப் பெண் இப்போது மலைமேல் தலைமை ஆசிரியை. நான் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தது அவர் பள்ளிக்கூடத்துக்குத்தான். போன வருஷம் குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டிருந்தார். என் சுவரில் அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நீதி, சுதந்திரம், சமத்துவம் வரை மனசுக்குள் வாசித்துக்கொண்டு வந்தேன். நாலாவது சொல் சகோதரத்துவம். அதைக் கூட்டி முடித்ததும் லத்தி ஜீப்பைத் தட்டிய சத்தம் காதில் கேட்டது. அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. முடிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொன்னேன். இந்தச் சட்டத்தை மக்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார்களாம். அப்படியென்றால் உபயம் எல்லாருடையதும்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தலைமை ஆசிரியை மேடையில் பேசும்போது, "இந்தச் சட்டம்தான் என்னை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் படிக்க வைத்தது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சட்டத்துக்கு எந்த ஊரில் சக்கரம் இருக்கிறது? இறக்கியது என் ஜீப். மரத்தை இழுத்தது என் சங்கிலி. கூட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டுவிட்டேன். "உங்களையும் சேத்துத்தான் சொன்னேன் ஐயா" என்றார். சேர்த்துச் சொன்னது போதாது.

அந்த முகப்புரைக்குக் கீழே சுவரில் இரண்டு முழம் இடம் காலியாக இருக்கிறது. அங்கே எழுத வேண்டியதை, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற இந்தப் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். சட்டத்தில் எழுதியிருந்த ஓர் இடம் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதற்கு ஒரு புளியமரம் நகர வேண்டியிருந்தது, அதை நகர்த்தியவர்கள் இவர்கள் என்று எழுதட்டும். மலை வழக்கப்படி கடைசி வீட்டிலிருந்தே ஆரம்பிக்கட்டும்: வெங்காயம் உரித்தவர், தண்ணீர் சுமந்தவர், கிளையை வெட்டியவன். என் பேர் எல்லாருக்கும் கீழே வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, பெரிய ஆள் கடைசியில்தானே வர வேண்டும். ஆனால் வந்தாக வேண்டும்.